விளக்கைத் தொடாமல் கடந்த கூடம்

மாப்ள,

இன்று சாயங்காலம் திரி கருகும் வாசனை வந்தது. பூஜை அலமாரியில் குத்துவிளக்கு எண்ணெய் தீர்ந்து, கடைசியாக ஒரு துள்ளு துள்ளி, தானாகவே மலையேறிவிட்டது. நான் உன் வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் நம் ஆள் ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கி நிற்கிறான். அவனை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். போன வருஷம் இதே வாசனைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தவன் நான். அதை இன்னொருவரிடம் சொன்னால், பாவம், கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள். உனக்கு மட்டும்தான் புரியும். நீ இல்லை. அதனால் என்ன, எழுதிவிடுகிறேன்.

நீ என் மனைவியின் ஒரே தம்பி. நாற்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரமெல்லாம் வீடியோ கேம் ஆடுகிறவன் என்று குடும்பத்தில் உனக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாண வீடுகளில் உன்னைப் பற்றிய பேச்சு வந்தால் முதலில் வாயைத் திறக்கிறவன் நான்தான். மச்சினனைக் கேலி செய்யாவிட்டால் அப்புறம் அத்தான் என்ன அத்தான்? நீயும் சும்மா விடமாட்டாய். கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்து வளர்ந்த தொண்டை எனக்கு. "அத்தான் போன்ல பேசும்போது போனை வச்சிட்டாலும் கேக்கும்" என்று என் எதிரிலேயே சொல்வாய். உன் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

போன வருஷம் ஆடியில் அவள் போனாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியவள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாதிரி வருதுங்க" என்றாள். கீழ்வீட்டு பௌதிதான் ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வந்தாள். பௌதி என்றால் அண்ணி; அக்கம்பக்கத்துப் பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. விளக்கு எரிந்தபடி இருக்க, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். மறுநாள் காலையில் நான் மட்டும் வந்து பூட்டைத் திறந்தேன். மழைக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த வீட்டுக்குள் திரி கருகிய வாசனை மட்டும் தங்கியிருந்தது. எனக்கு அதுதான் சாவின் வாசனை என்று ஆகிப்போனது.

அன்றிலிருந்து அந்த விளக்கு ஏற்றப்படவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. எனக்கு அந்திப் பொழுதே ஆகாமல் போயிற்று. இங்கே வங்காளிகள் வீட்டில் பொழுது சாயும்போது சங்கு ஊதுவார்கள் என்று உனக்குத் தெரியும். மாற்றலாகி வந்த புதிதில், கீழே சங்குச் சத்தம் கேட்டதும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு துக்கம் கேட்க இறங்கிப் போனவன் நான். பௌதி கதவைத் திறந்து, மலர்ந்த முகத்தோடு இனிப்பைக் கையில் கொடுத்தாள். துக்க வீட்டில் இனிப்பு கொடுக்கிறார்களே என்று திகைத்துப்போய் நின்றேன். அதைச் சொல்லிச் சொல்லி உன் அக்கா வருஷக்கணக்காகச் சிரித்தாள். பிறகு அந்தச் சங்குதான் எங்கள் வீட்டுக்கும் கடிகாரம் ஆயிற்று. கீழே சங்கு ஊதினால் மேலே தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கும்.

அவள் போன பிறகு சங்கு மட்டும் கேட்டது. தீப்பெட்டிச் சத்தம் வராத அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை. சங்குக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். லேக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யார் யாரோ நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நன்றாக இருட்டிய பிறகு திரும்புவேன். மழை பெய்தால் லேக் மார்க்கெட் கடை ஓரத்தில் ஒதுங்கி நிற்பேன். காரியம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகும் நீ மட்டும் போகவில்லை. "வீட்லேருந்துதான அத்தான் வேலை, அது எந்த வீடா இருந்தா என்ன" என்றாய். நான் கிளம்பும்போது லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்குவாய்.

"எங்க அத்தான்?"

"காப்பிப்பொடி வாங்கணும்."

"நேத்தும் காப்பிப்பொடிதான வாங்கினீங்க."

"நேத்து வாங்கினது நேத்தைக்கு."

அந்த மாதம் நம் வீட்டில் இருந்த காப்பிப்பொடியை வைத்து ஒரு கல்யாணம் நடத்தியிருக்கலாம்.

கோயமுத்தூரில் இருக்கும் என் மகள், தீபாவளி கழிந்ததும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தாள். வீட்டை வாங்க ஆளும் பார்த்தாகிவிட்டது. "தனியா அங்க என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று தினமும் கேட்பாள். நான் சரி சரி என்றேன். உள்ளுக்குள் எனக்குப் போகப் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் அவளோடு வாழ்ந்த வீடு. ஆனால் இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாதவன், எந்த வாயால் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்வது? இதை உன்னிடமும் சொல்லவில்லை.

துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஒருநாள் உன் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"என்னவே இது, ரைஸ் குக்கரா?"

"கேமு அத்தான்."

"பேரன் எடுத்தவனுக்கு எதுக்குவே கேமு?"

"ஒங்களுக்கு யாரு தந்தா? எனக்கு. தனியா ஆடினா போரடிக்கும். சும்மா பக்கத்துல உக்காந்திருங்க, போதும்."

சும்மா உட்கார எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியாதா என்ன. திரையில் ஒரு மலை, மலைமேல் ஒரு கோட்டை, அடிவாரத்தில் முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருக்கும் ஒருவன். கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும் சிநேகிதனை அவன் வெளியே கொண்டுவர வேண்டும். எவன் கண்ணிலும் படக்கூடாது. படத்தில் வரும் கதாநாயகன் மாதிரி அடித்து நொறுக்கிக்கொண்டு போவான் என்று பார்த்தால், பயல் புல்லுக்குள் படுத்து ஊர்கிறான். வீரனைக் காட்டு என்றால் பல்லியைக் காட்டுகிறாயே என்றேன். நீ சிரித்துக்கொண்டே கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனாய்.

நான் செய்த முதல் காரியம், அவனை எழுந்து நிற்க வைத்து, நேர் வாசலுக்கு நடத்திக்கொண்டு போனது. வேறென்ன செய்வது? ஒரு இடத்துக்குப் போனால் வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொல்லித்தானே உள்ளே போக வேண்டும். வாசல் காவலாளி தலைக்கு மேல் கண் மாதிரி ஒரு குறி தோன்றி, மஞ்சளாகி, சிவந்தது. அவன் ஈட்டியைத் தூக்கினான். கையிலிருந்த கன்ட்ரோலர் திடீரென்று நடுங்கியது. ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து அதைக் கீழே போட்டேன். எடுப்பதற்குள் நம் ஆள் செத்துக் கிடந்தான். அடுத்த நொடி பழையபடி மலையடிவாரத்தில் குந்தியிருக்கிறான், ஒன்றுமே நடக்காதது மாதிரி. எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவர்கள் இப்படித் திரும்பி வருவது என்ன நியாயம் என்று ஏதோ கத்தினேன். நீ சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றாய். அதை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

அன்று சங்கு ஊதும் முன் நான் வழக்கம்போலக் கிளம்பிவிட்டேன். மறுநாள் ஐந்து மணிக்கு நீ மறுபடியும் பெட்டியைப் போட்டாய். "இந்த ஒரு வாசல் தாண்டட்டும் அத்தான், அப்புறம் போங்க" என்றாய். சரி, ஒரு வாசல்தானே. அதற்கடுத்த நாள், "இந்த ஒரு மதில்." இப்படியே ஒரு மதில், ஒரு கிணறு, ஒரு கொட்டகை என்று என் கிளம்பும் நேரம் தள்ளித் தள்ளிப் போயிற்று. சங்கு ஊதும் நேரம் நான் எவனாவது ஒரு காவலாளியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட வேண்டும் என்ற நினைப்பு வரும். அதற்குள் அவன் திரும்பிவிடுவான்.

அந்தக் காவலாளிகளைப் போல லட்சணம் கெட்ட ஊழியர்களை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றவன் காணாமல் போயிருக்கிறான். இவன் வருகிறான், கொஞ்சம் தேடுகிறான், "காத்தா இருக்கும்" என்கிற மாதிரி முனகிவிட்டு மறுபடி தன் ரவுண்டுக்குப் போய்விடுகிறான். "காத்தாவே இருக்கும், தடிப்பய மாதிரி ஒருத்தன் நின்னானே, அவனையும் காத்தா தூக்கிட்டுப் போச்சு?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

ஆனால் ஒன்று, அவர்கள் நடையில் ஒரு ஒழுங்கு இருந்தது. இவன் அந்த மூலைக்குப் போனால்தான் அவன் படியிறங்குவான். அது எனக்குத் தெரிந்த வித்தை. எந்த வண்டி எந்த லைனில் நிற்கிறது, எது நகர்ந்தால் எதற்கு வழி கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்தே என் ஆயுசு கழிந்திருக்கிறது. என் விரல்தான் பித்தானைத் தேடித் தடவும், கண் தப்பாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பார்ப்பது நான், நகர்த்துவது நீ. "நில்லு. நில்லுவே. அந்தத் தாடிக்காரன் திரும்பட்டும். ம், லைன் கிளியர், போ." நான் சொன்ன மாத்திரத்தில் நம் ஆள் பூனைபோல ஓடுவான். அப்படி ஓடி ஒரு நிழலுக்குள் புகுந்துகொள்ளும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதை ஒத்துக்கொள்ள அப்போது வெட்கமாக இருந்தது.

ஒருமுறை நீ ஒரு காவலாளியைப் பின்னால் போய்க் கழுத்தைப் பிடித்து மயங்க வைத்து, புல்லுக்குள் கிடத்தினாய். திரையின் மேல்புறம் திசை காட்டும் பட்டை இருந்ததா, நான் பார்த்துவிட்டேன்.

"ஏய், வடக்க தலைவச்சுப் போட்டுருக்க."

"அத்தான், அவன் மயக்கமாக் கெடக்கான்."

"மயக்கம்னா மட்டும்? நம்ம கையால ஒருத்தனை வடக்க தலைவச்சுக் கெடத்துறது நல்லதில்ல. திருப்பிப் போடு."

நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஆனாலும் திரும்பப் போய் அவனைத் தூக்கி, சுற்றி வந்து, கிழக்கே தலைவைத்துக் கிடத்தினாய். அதற்குள் இன்னொருவன் பார்த்துவிட்டான், கோட்டை முழுக்க மணி அடித்தது. நான் போட்ட சத்தத்தில் பௌதி கீழேயிருந்து ஓடிவந்துவிட்டாள். "தாதா, கீ ஹொலோ?", அண்ணா, என்ன ஆயிற்று என்று கேட்டபடி உள்ளே வந்தவள், விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று திரையைப் பார்த்தாள். இவன் திருடனா என்று விசாரித்தாள். இல்லை, நல்லவன்தான், கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றேன். அடுத்த நாள் ஒரு கிண்ணத்தில் பொரியும் பச்சை மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்து தானும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கூடத்துக்கு வந்தபோதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. கோட்டையின் நடுவில் நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாக எண்ணெய் விளக்குகள். காவலாளிகள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள். தூண்கள் இருந்தும் பதுங்க நிழல் இல்லை, அத்தனை வெளிச்சம். அன்று நான் கன்ட்ரோலரை வைத்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்து, "மொத வெளக்குகிட்ட போங்க, அந்த முக்கோணப் பித்தானை அமுக்குங்க, அணைஞ்சிரும். ஒண்ணொண்ணா அணைச்சுட்டே போயிறலாம்" என்றாய்.

நான் கன்ட்ரோலரை உன்னிடம் நீட்டினேன். "நான் அணைக்க மாட்டேன்."

"அத்தான், இது கேமு."

"கேமா இருந்தா என்ன? வெளக்கு வெளக்குதான. பொழுது சாயுற நேரத்துல, இந்த வீட்ல உக்காந்துகிட்டு, எரியுற வெளக்கை ஊதி அணைக்கிறதா? ஒங்க அக்கா அந்த வார்த்தையையே சொல்ல விடமாட்டா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் போன பிறகு நம் இருவருக்கும் நடுவில் அவளைப் பற்றிய பேச்சு அதுவரை வந்ததே இல்லை. நீ விளையாட்டை நிறுத்திவைத்தாய். காவலாளிகள் எல்லாரும் காலைத் தூக்கியபடி நின்றுபோனார்கள். நீ, "சின்ன வயசுல நான் ஒருதடவை வாயால ஊதிட்டேன் அத்தான். அக்கா என்னை அடிக்கல. ஆனா அன்னிக்கு ராத்திரி முழுக்க எங்கூடப் பேசல" என்றாய். அவள் எண்ணெயை அளந்து ஊற்றுவாள், விளக்கு தானே மலையேறும்வரை பக்கத்திலேயே ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள் என்று நான் சொன்னேன். ஊரில் அம்மாவும் அப்படித்தான் என்றாய் நீ. நான் மனைவியை இழந்தவன் என்று எல்லாரும் என்னையே சுற்றி நின்றார்கள். அக்காவை இழந்து நிற்கிறவனும் இந்த வீட்டில் இருக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. நாம் பேசி முடித்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. சங்கு எப்போது ஊதினார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"சரி," என்று நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "அணைக்காமலே போவோம். ரொம்பக் கஷ்டம், சொல்லிட்டேன்."

கஷ்டம்தான். வெளிச்சத்துக்குள் ஒருவனை ஒளித்துக்கொண்டு போவது என்றால் சும்மாவா? துர்கா பூஜை வந்தது, போயிற்று. லக்ஷ்மி பூஜையும் போயிற்று. நாம் அந்தக் கூடத்தில் செத்துச் செத்துப் பிழைத்தோம். எந்தக் காவலாளி எந்தத் தூணருகில் கொட்டாவி விடுவான் என்பதுவரை எனக்கு மனப்பாடமாயிற்று. இடது பக்கத்துக் குண்டனுக்கு நான் பெயர்கூட வைத்தேன். பௌதி அவனுக்குத் தன் வீட்டுக்காரரின் ஜாடை என்றாள். ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் நான் உன்னைத் திட்டினேன், நீ என்னைத் திட்டினாய். "அவசரப்படாதீங்க அத்தான், அவசரப்பட்டாத்தான் பாப்பான்" என்று நீ சொன்னது இப்போதும் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் காதில் கேட்கிறது.

தீபாவளி வந்தது. துக்க வருஷம், நமக்குப் பண்டிகை இல்லை. காளி பூஜைக்கு முந்தின நாளான அன்று சாயங்காலம், இங்கே பதினாலு விளக்கு ஏற்றுவார்கள். பதினாலு தலைமுறை முன்னோருக்காக என்பது வழக்கம். பௌதி அன்று விளையாட்டுப் பார்க்க வரவில்லை. படிக்கட்டில் அகல் வைத்துக்கொண்டே மேலே வந்தவள், ஒன்றை நம் வாசலிலும் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனாள். மகள் அடுத்த வாரம் வருவதாகப் போனில் சொல்லியிருந்தாள். பெட்டிகூட எடுத்துவைக்காமல் நான் உன்னோடு அந்தக் கூடத்தில் இருந்தேன்.

"குண்டன் திரும்பிட்டான். நில்லு. தாடிக்காரன் வரட்டும். வரட்டும்வே. ம். லைன் கிளியர்."

நம் ஆள் ஓடினான். தூண், தூணிலிருந்து திரை, திரையிலிருந்து படி. கடைசிக் கதவு திறந்து அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. நீ அவனை ஒருமுறை திரும்பிப் பார்க்க வைத்தாய். கதவு இடுக்கு வழியாக அந்தக் கூடம் தெரிந்தது. ஒரு விளக்கு விடாமல் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மனிதன் வந்துபோனது யாருக்கும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், வேலையில் பதவி உயர்வு வந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு நிறைவு இருந்ததில்லை.

நீ கன்ட்ரோலரைக் கீழே வைத்தாய். வாசல் பக்கம் பார்த்தாய்.

"அத்தான், வெளிய எரியுது. உள்ள இருட்டாக் கெடக்கு. தீப்பெட்டி எங்க இருக்கு?"

"மேல்தட்டுல," என்றேன். நீ எழுந்தாய். "இரு, நானே ஏத்துறேன்" என்றேன்.

நாலைந்து குச்சி வீணாயிற்று. நீ உதவிக்கு வரவில்லை, அதற்கும் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். விளக்கு பிடித்துக்கொண்டது. நாம் இருவரும் அதன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டும் பேசாமலும், அது மலையேறும்வரை இருந்தோம். கடைசியில் அந்த வாசனை வந்தது. நான் அழுதேன். நீயும் அழுதாய். பிறகு பசித்தது, இட்லி அவித்துச் சாப்பிட்டோம்.

சாப்பிடும்போது நான் கேட்டேன். "ஏன்வே, ஒனக்குத் தெனமும் அஞ்சு மணிக்குத்தான் கேம் ஆடத் தோணுமோ?"

நீ இட்லியைப் பிட்டபடி, தலை நிமிராமல் சொன்னாய். "காவலாளி கெளம்புற நேரம் பாத்துத்தான அத்தான் நாம நகரணும்."

அட படுபாவி. நான் கோட்டைக் காவலாளிகளைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறேன் என்று இறுமாந்திருந்தேன். நீயோ மாதக்கணக்காக என் ரவுண்டைப் பார்த்துவைத்து, நான் செருப்பை மாட்டும் நேரம் பார்த்து, ஒரு சத்தமில்லாமல் எனக்குள் வந்து போயிருக்கிறாய். அறிவுரை சொன்னவர்கள் எல்லாரும் என் வாசலிலேயே நின்றுபோனார்கள். எனக்கே தெரியாமல் உள்ளே வந்தவன் நீ ஒருவன்தான்.

மறுநாள் மகளிடம் நான் வரவில்லை என்று சொன்னேன். "தனியா எப்படிப்பா?" என்றாள். அவளிடம் விளக்கமெல்லாம் சொல்ல வரவில்லை. சாயங்காலம் வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டும், நான் இருக்கிறேன் என்றேன். அவள், மாமா பக்கத்தில் இருக்கிறாரா, அவரிடம் கொடுங்கள் என்றாள். நீ அவளிடம் என்ன பேசினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது.

மார்கழி பிறக்கும் முன் உன்னைச் சாந்த்ராகாச்சியில் ரயிலேற்றினேன். பெட்டியை எனக்கே விட்டுவிட்டாய். "கடைசிக் கட்டம் பாக்கி இருக்கு, நீங்களே முடிங்க" என்றாய். ரயில் நகரும்போது கதவில் நின்றுகொண்டு, என் குரலிலேயே, "லைன் கிளியர் அத்தான்" என்று கத்தினாய். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

இந்த வருஷம் ஆனியில் போன் வந்தது. காலையில் வேலைக்கு உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். நான் பெங்களூர் வந்து சேர்ந்தபோது நீ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். உன்னைப் பற்றிப் பேச உன் ஆபீஸ் ஆட்கள் என்னிடம்தான் வந்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? உன்னோடு வேலை பார்த்த ஓசூர்ப் பெண் ஒருத்தி, நீங்கள்தான் கல்கத்தா அத்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அந்தக் கோட்டை கேமை அவர் ரொம்ப வருஷமா ஆடுவாரு சார். எங்கள்ல அவருதான் ஃபாஸ்ட். உள்ள போனதுமே வெளக்கெல்லாம் அணைச்சிட்டு, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிச்சிடுவாரு. டிசம்பர்ல கல்கத்தாவுலேருந்து வந்த பிறகு மொதல்லேருந்து ஆடினாரு, ஒரு வெளக்கையும் தொடாம. தோத்துட்டே இருந்தாரு. ஏன் சார் இப்படிக் கஷ்டப்படுறீங்கன்னு கேட்டேன். 'எங்க அக்கா வீட்ல அணைக்கிற வழக்கம் இல்ல'ன்னாரு."

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லக் குரல் இல்லை. நான் கத்துவதையே கேட்டுப் பழகிய உனக்கு அன்று ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அப்படியானால் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மூலையும் தெரியாதவன்போல, "இப்ப எங்க அத்தான் போகணும்?" என்று கேட்டதெல்லாம் நடிப்பு. கண்ணை மூடிக்கொண்டு தாண்டக்கூடிய கூடத்தில், எனக்காக, வாரக்கணக்கில் செத்துச் செத்து விழுந்திருக்கிறாய். பிறகு நான் இல்லாத இடத்திலும் அதே கஷ்டமான வழியில்தான் போயிருக்கிறாய். உருப்படாதவன் என்று உனக்குப் பெயர் வாங்கித் தந்த விளையாட்டு அது. என்னை என் வீட்டிலேயே இருக்கவைத்ததும் அதுதான் மாப்ள. குடும்பத்தில் இப்போது உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்போதும் முதலில் வாயைத் திறக்கிறவன் நான்தான். பேச்சு மட்டும் வேறு.

இப்போது தினமும் கொஞ்சம் ஆடுகிறேன். கடைசிக் கட்டம் இன்னும் முடியவில்லை. விரல் சொன்ன பேச்சு கேட்பதில்லை, குண்டன் அங்கேயும் வந்து என்னைப் பிடித்துவிடுகிறான். பௌதி பொரியோடு வந்து, "தாதா, ஆஸ்தே, ஆஸ்தே" என்று மெதுவாகப் போகச் சொல்கிறாள். கீழே சங்கு ஊதியதும் அவனைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவைத்துவிட்டு எழுந்து போய் விளக்கேற்றுகிறேன். திரும்பி வந்து உட்காரும்போது சோபாவில் உன் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.

உன் அக்காவுக்கு எண்ணெய் தீர்ந்தது, அவள் மலையேறினாள் என்று நான் ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். உன் விஷயத்தில் அப்படி முடியவில்லை. உனக்கு எண்ணெய் ஊற்றியவன் சரியான கஞ்சன். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். அதனாலோ என்னவோ, உன் அக்கா அளந்து ஊற்றுவதைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே இப்போதெல்லாம் ஊற்றுகிறேன்.

இப்படிக்கு,
அத்தான்